முதியவர்களுக்கு இன்சுலின்: ஊசியைக் குறைப்பது சரியா?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. சாப்பாட்டுக்கு முன் மூன்று வேளை, படுக்கும்போது ஒன்று என நான்கு ஊசி. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.4 சதவீதம். நன்றாகத்தானே இருக்கிறது! டாக்டர் ஏன் ஊசியைக் குறைக்கச் சொல்கிறார்?

பதில்: அந்த 6.4தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இந்த வயதில் நான்கு ஊசி போட்டு இவ்வளவு குறைவாக வருகிறதென்றால், இடையில் இரத்தச் சர்க்கரை (குளுக்கோமீட்டரில் காட்டும் மி.கி./டெ.லி. அளவு) 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். இளையவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் எச்சரிக்கை கொடுக்கும். முதுமையில் அவை மங்கிவிடும். தடுமாற்றம், குழப்பம், பதில் சொல்லாமல் வெறித்துப் பார்ப்பது என்று வரும். வீட்டில் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் பொருந்திய அளவு இன்று அதிகமாகிவிடக்கூடும்.

மற்றபடி திடமாக இருக்கும் முதியவருக்கு மூன்று மாதச் சராசரி 7 முதல் 7.5-க்குள் போதும். பல நோய்களோ மறதியோ உள்ளவருக்கு 8-க்குள் இருந்தால் நல்லது. மிகவும் தளர்ந்தவருக்கு அந்தச் சராசரியையே துரத்த வேண்டாம். சர்க்கரை இறங்காமலும் மிக அதிகமாக ஏறித் தொல்லை தராமலும் இருந்தால் போதும். கடுமையான கட்டுப்பாட்டின் பலன் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிய ஒரு நாள் போதும்.

கேள்வி: எப்படிக் குறைப்பார்கள்? திடீரென நிறுத்துவதா?

பதில்: இல்லை. முதலில், படுக்கும்போது போடும் நீண்டநேர இன்சுலினைக் காலைக்கு மாற்றுவார்கள். இரவில் சர்க்கரை இறங்கும் பயம் குறையும், பக்கத்தில் யாராவது விழித்திருப்பார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 90 முதல் 150-க்குள் இருக்குமாறு, வாரம் ஒருமுறை பார்த்து 2 யூனிட் கூட்டுவதோ குறைப்பதோ நடக்கும்.

அடுத்து சாப்பாட்டு ஊசி. ஒரு வேளைக்கு 10 யூனிட்டோ அதற்குக் குறைவோ என்றால், அதை நிறுத்திவிட்டு மாத்திரை சேர்ப்பது வழக்கம். அதற்கு மேல் என்றால் பாதியாக்கி, மாத்திரை சேர்த்து, பிறகு படிப்படியாக விலக்குவார்கள். எந்த மாத்திரை என்பதைச் சிறுநீரகம்தான் தீர்மானிக்கும். சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ரத்தப் பரிசோதனையில் வரும் eGFR எண்) 30-க்குக் கீழே போய்விட்டால் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கூடாது. இதையெல்லாம் டாக்டரோடு பேசிச் செய்யுங்கள், வீட்டில் நீங்களாகவே முயல வேண்டாம்.

கேள்வி: மாமனார் காலையில் 20, இரவில் 10 யூனிட் கலப்பு இன்சுலின் போடுகிறார். சில நாள் சாப்பிடவே மறுக்கிறார்.

பதில்: கலப்பு இன்சுலினில் சாப்பாட்டு இன்சுலினும் நீண்டநேர இன்சுலினும் சேர்ந்தே இருக்கும். சாப்பாடு நிச்சயமில்லாதவருக்கு அது ஆபத்து. ஊசி உள்ளே போய்விட்டது, தட்டு அப்படியே இருக்கிறது என்றால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். மொத்த அளவில் 70 சதவீதத்தை நீண்டநேர இன்சுலினாகக் காலையில் ஒரே ஊசியாக மாற்றும் முறை ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் 30-இல் 21 யூனிட். அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கு முதல் வகை நீரிழிவு. அவருக்கும் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. முதல் வகையில் (டைப் 1) உடலே இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பிடாத நாளிலும் அடிப்படை இன்சுலின், அதாவது நீண்டநேர இன்சுலின், உயிர்காக்கும். அளவை எளிமையாக்கலாம், நிறுத்த முடியாது.

கேள்வி: பாட்டி தானே ஊசி போட்டுக்கொள்கிறார். ஒரு நாள் 60, மறுநாள் 300. ஏன்?

பதில்: அவர் போடும்போது அருகில் உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் வந்த ஒரு மூதாட்டி, இன்சுலின் பேனாவில் அளவு காட்டும் எண் கண்ணுக்குத் தெரியாததால் 'டக் டக்' சத்தத்தை எண்ணித் திருகினார். பேச்சுக்கிடையே எண்ணிக்கை தவறியது. சந்தேகத்தில் மறுபடியும் முதலிலிருந்து திருகினார். தொப்புளுக்கு இருபுறமும் தடவினேன்: எலுமிச்சை அளவுக்கு இரண்டு கட்டிகள். வலிக்காது என்பதால் பல வருடங்களாக அதே இடத்தில் குத்தியிருக்கிறார். கட்டிக்குள் போகும் இன்சுலின் எப்போது வேலை செய்யும் என்று சொல்லவே முடியாது. புது இடத்துக்கு மாற்றும்போது அதே அளவு திடீரென முழுவதும் ஏறிவிடும். அதனால் மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊசியைக் குறைத்ததும் அப்பா, "டாக்டர் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று அழுகிறார்.

பதில்: அந்த வருத்தம் உண்மையானது. முப்பது வருடம் 'கட்டுப்பாடு, கட்டுப்பாடு' என்று நாம்தானே சொல்லி வந்தோம்! டாக்டரிடம் அழைத்துப்போய் அவர் வாயாலேயே காரணத்தைச் சொல்லவையுங்கள். ஊசி குறைந்த முதல் வாரங்களில் காலைச் சர்க்கரையை அப்பாவே குறித்து வைக்கட்டும். 70-க்குக் கீழே வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்.