டிசம்பரில் அம்மாவைக் கூப்பிடும் ஆரையம்பதித் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். எழுபத்திரண்டு வயது அம்மா, சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர், பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்குகிற சுப்பர் விசாவில் டிசம்பர் நடுவில் ரொறன்ரோ வந்து இறங்குகிறார். எந்த ஜாக்கெற் வாங்குவது, எந்தக் காப்புறுதி எடுப்பது, கிட்டடியில் கோயில் உண்டா, நல்ல மீன் எங்கே கிடைக்கும். நாலு கேள்வி. நீங்களே வந்து ஒன்றரை வருடம்தான், போன குளிரைச் "சமாளித்துவிட்டோம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தைந்து வயதில் யாரும் சமாளிக்கலாம். அதை வைத்து அம்மாவைக் கணக்குப் போடாதீர்கள்.

ஜாக்கெற் எதுவானாலும் சரி. முழங்காலை மூடுகிற நீளமும் தலைக்கு மூடியும் இருந்தால் போதும். ஜனவரியில் உங்கள் அம்மா வெளியே போகப்போவது கிழமைக்கு ஒரு தடவை, அதுவும் வாசலில் இருந்து கார் வரைக்கும். மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குள். நீங்கள் கேட்க மறந்தது அதைத்தான்: நீங்களும் மனைவியும் வேலைக்குப் போனபிறகு அந்த வீட்டில் எத்தனை பாகை?

நான் மட்டக்களப்புக் கல்லடிக்காரி. 1991 ஜனவரியில் பருத்திச் சட்டையும் றப்பர் செருப்புமாக இந்த ஊரில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் ஒரு அண்ணன் தன் ஜாக்கெற்றைக் கழற்றித் தந்தார், அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு இரவே ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட். ஏழு பேர். வீட்டுக்காரர் மேலே இருந்தார், நம்முடைய ஆள்தான், எந்த ஊர் என்று சொன்னால் சண்டை வரும். இரவு பத்து மணிக்கு ஹீற்றரைக் குறைத்துவிடுவார். நாங்கள் காஸ் அடுப்பின் அவண் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் படுத்தோம். ஏழு பேரும் விடிய எழும்பியது எங்கள் அதிர்ஷ்டம். அது எவ்வளவு ஆபத்து என்று பத்து வருடத்துக்குப் பிறகு, முதியோர் பராமரிப்புப் படித்தபோதுதான் விளங்கியது.

அந்தப் படிப்போடு இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்தேன். இதில் பாதிப் பேர் நம்முடைய அப்பா அம்மாக்கள். ஊரில் ஒரு கதை சொல்வார்களே, மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. இங்கே நம் ஆட்கள் பெற்றவர்களை பேஸ்மென்ட்டோடு ஒட்டவைக்கிறார்கள். மேலே நாலு அறை, பெரிய ரீவி, பளிங்குத் தரை. கீழே அப்பா.

ஒரு பெப்ரவரிக் காலை. படுவான்கரையில் வயல் செய்த ஐயா ஒருவர், எண்பதைத் தாண்டியவர். பத்து மணிக்குப் போகிறேன், கதிரையில் சாரனும் பெனியனுமாக இருக்கிறார். "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றால் பதில் குடித்தவர் மாதிரிக் குழறி வருகிறது. பக்கவாதம் என்றுதான் முதலில் பயந்தேன். முகம் கோணவில்லை, இரண்டு கையையும் தூக்குகிறார். நடுக்கமும் இல்லை. பெனியனுக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. உடம்புச் சூடு 34 பாகை. 35க்குக் கீழே போனாலே அவசரம், உடனே 911. அம்புலன்ஸ் வரும்வரை போர்வையை நெஞ்சிலும் வயிற்றிலும் சுற்றினேன். கைகாலைத் தேய்க்கக்கூடாது, சுடுதண்ணீரில் இறக்கவும் கூடாது. நம் ஆட்கள் முதலில் செய்வதே இந்த இரண்டும்தான்.

ஐயா பிழைத்துக்கொண்டார். பிறகு பார்த்தால் மேலே சுவரில் உள்ள தேர்மோஸ்ராற் காலை எட்டு மணிக்குத் தானாகவே 15க்கு இறங்கும்படி வைத்திருக்கிறது. எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறார்களாம், காஸ் காசு மிச்சமாம். "எல்லாரும்" என்ற கணக்கில் அப்பா சேரவில்லை. மகன் அழுதுகொண்டு சொன்னார், "குளிருது என்று அப்பா ஒரு நாளும் சொல்லவில்லையே அக்கா." சொல்லமாட்டார் தம்பி. வயது போனால் குளிர் உடம்புக்கு அவ்வளவாக உறைக்காது, நடுக்கமும் நன்றாக வராது. அதற்கு மேல், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்ற எண்ணம். உங்கள் அம்மாவும் கேட்டால் "எனக்கென்ன, நல்லா இருக்கன்" என்றுதான் சொல்லுவார். அவரை நம்பாதீர்கள், பத்து டொலருக்கு ஒரு வெப்பமானி வாங்கி அவர் இருக்கிற அறையில் மாட்டுங்கள். பகலும் இரவும் 21க்குக் குறையவிடாதீர்கள். வாடகை வீடு என்றால் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை தரவேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். வீட்டுக்காரர் முகத்தைச் சுழித்தால் நகரசபையின் 311 எண்ணுக்கு அடியுங்கள். நம்முடைய ஆள் என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

21 பாகையே எங்களுக்குக் குளிர் என்பதும் உண்மை. மாரியில் 23 வந்தாலே போர்வை தேடுகிற சனம். என் அம்மா 2005இல் வந்தார், சுனாமி வீட்டைக் கொண்டுபோனபிறகு. கொண்டுவந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அறையில் வைத்தார், விடிய வெள்ளைக் கட்டி. 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும், அவருக்கு அது தெரியாது. போத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார். "எண்ணெயே விறைச்சுப் போய்த்து மகள், நான் மனிசி என்ன செய்ய?" அன்றைக்குத்தான் அவருக்கு உடுப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடப் பழக்கினேன்: உள்ளே மெல்லிய தேர்மல், அதற்குமேல் சட்டை, அதற்குமேல் சுவெற்றர். சேலையை விடமாட்டேன் என்று ஒரு மாதம் சண்டை. வீட்டுக்குள்ளும் கால்மேசு, அடியில் றப்பர் புள்ளி வைத்தது. வெறும் கம்பளிக் கால்மேசோடு மரத்தரையில் நடந்தால் வழுக்கும். தலையில் எண்ணெய் வைத்து முழுகுகிற பழக்கம் இருந்தால், குளிக்கிற தொட்டிக்குள் றப்பர் பாயும் சுவரில் பிடிகம்பியும் அம்மா வருமுன்னமே போட்டுவையுங்கள்.

இனி ஒரு விசயம், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 2013 டிசம்பர், நத்தாருக்கு முன் ஐஸ் மழை. மரக்கொப்பெல்லாம் கண்ணாடி பூசிய மாதிரி ஆகி, முறிந்து கம்பிகளில் விழுந்து, ரொறன்ரோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. காஸ் ஃபேர்னஸ்தானே, அது எரியும் என்று இருந்தேன். எரியாது. சூட்டை வீட்டுக்குள் தள்ளுகிற காற்றாடிக்கு மின்சாரம் வேண்டும். இரண்டாம் நாள் வீட்டுக்குள் 12 பாகை. நான் மெழுகுதிரி வாங்கப் போனேன். அம்மா 1978 சூறாவளியைக் கண்டவர், சும்மா இருப்பாரா? பின்பக்கத்தில் இருந்த பாபகியூக் கரியைச் சட்டியில் மூட்டி, தணலாக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, யன்னல் இடுக்கெல்லாம் சேலைத் துணி அடைத்துவிட்டார். ஊரில் பிள்ளை பெற்ற வீட்டில் அப்படித்தானே வைப்போம். ஊர் வீட்டுக்கு ஓட்டு இடுக்கு உண்டு, மண்சுவர் உண்டு, காற்று போய்வரும். இங்கே வீடு டப்பா மாதிரி மூடியது. கரித் தணலில் இருந்து வருகிற காபன் மொனொக்சைட் என்ற நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நான் திரும்பி வரும்போது, அந்தக் காற்றைக் கண்டுபிடிக்கிற பற்றரி அலாரம் கத்திக்கொண்டு இருக்கிறது. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரெலிபோனை எடு மகள், அரை மணித்தியாலமா அடிக்குது" என்கிறார். அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தீயணைப்புக்காரர் வந்து ஒட்சிசன் வைத்தார்கள். காஸ் மாதிரி எரிபொருள் எரிகிற வீடுகளுக்கு அந்த அலாரம் ஒன்ராறியோவில் 2014 முதல் கட்டாயம். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், படுக்கை அறைக்குக் கிட்ட, பற்றரியோடு. அம்மா வந்த அன்றே பொத்தானை அழுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கச் செய்யுங்கள். வீட்டுக்குள் தணல் கூடாது, அவணைத் திறந்து குளிர் காயக்கூடாது. மின் ஹீற்றர் வைத்தால் சேலைத் தலைப்புக்கும் திரைச்சீலைக்கும் ஒரு மீற்றர் தள்ளி.

விழுகையைப் பற்றியும் சொல்லவேண்டும். பனிப்புயலன்று யாரும் விழுவதில்லை, எல்லாரும் கவனமாக நடப்பார்கள். அதற்கு அடுத்த நாள் வெயில் எறித்து, உருகி, பின்னேரம் திரும்ப உறையும் பாருங்கள், நிலம் நனைந்த மாதிரித்தான் தெரியும். என் அம்மா விழுந்தது ஒரு சனிக்கிழமை, காகத்துக்குச் சோறு வைக்கப் போய். பின்வாசல் பலகையில் கால் வைத்ததுதான் தெரியும், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவசரப் பிரிவில் ஒன்பது மணித்தியாலம் காத்திருந்தோம். அந்தச் சோற்றைத் தின்றதோ அணில். பிறகு குசினி யன்னலுக்கு வெளியே ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன், உள்ளே நின்றபடியே வைத்தார். பழக்கத்தை நிறுத்தச் சொல்லி வெல்ல முடியாது தம்பி, இடத்தை மாற்றிக் கொடுங்கள். வாசல்படிக்கு உப்பு நீங்கள் போடுங்கள், அம்மாவின் கையில் பனி அள்ளுகிற சவளைக் கொடுக்காதீர்கள். அப்பா வந்தாலும் கொடுக்கவேண்டாம், குளிரில் பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து விழுந்தவர்கள் இங்கே நிறைய.

சீனி வருத்தம் என்றபடியால் இதையும் சொல்கிறேன். காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுதண்ணீர்ப் பையைப் பாதத்தில் வைத்துக்கொண்டு தூங்கினால் கொப்புளம் போட்டபிறகுதான் தெரியும். படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிடுங்கள். குளிருக்கு பிரஷரும் கூடும், வீட்டில் அளந்து எழுதிவையுங்கள். தண்ணீர் குடிக்கமாட்டார், தாகமும் எடுக்காது, கழிவறைக்கு எழும்பவும் பஞ்சி. காலையில் கொத்தமல்லி வேர்க்கொம்பு அவித்து பிளாஸ்கில் ஊற்றி, கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஃப்ளூ ஊசி போடுங்கள். டிசம்பரில் பின்னேரம் நாலே முக்காலுக்கு இருட்டிவிடும், தனிய இருக்கிற ஆளுக்கு அது பெரிய சோகம். மூன்றரை மணிக்கே லைற் எரிகிற மாதிரி வைத்து, அந்த நேரம் பார்த்து ஊருக்கு ஒரு வீடியோ கோல் எடுக்கப் பழக்குங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஊரில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். அப்படியென்றால் நீங்களே எடுங்கள், இடைவேளையில் ஐந்து நிமிடம்.

காப்புறுதியில் எனக்குப் பெரிய அறிவு இல்லை. சுப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு, ஒரு வருடத்துக்கு இருக்கவேண்டும். ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காசு தருவார்களா, மருந்தின் அளவு அண்மையில் மாறியிருந்தால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் அக்கா" என்று என்னிடம் சொன்ன முகவர், அம்மாவின் கை முறிந்த கிழமை போனை எடுக்கவே இல்லை.

கோயிலுக்கு ஸ்காபரோவில் குறைவில்லை. செருப்புக் கழற்றுகிற இடத்தில் கரைந்த பனி தேங்கி நிற்கும், கைப்பையில் இன்னொரு சோடி கால்மேசு வைத்துக்கொள்ளுங்கள்.

மீனும் எல்லாத் தமிழ்க் கடையிலும் கிடைக்கும், பெட்டியில் உறைந்து வந்தது. கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மா முதல் நாள் ஒரு கொடுவாவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரத் தம்பி, "நேற்றுத்தான் வந்தது அம்மா" என்றார். "வந்தது நேற்றுத்தான் மகன்," என்றார் அம்மா, "செத்தது நான் பிளேன் ஏற முன்னம்."