முட்டி மாற்று அறுவை: கேட்டவர்களுக்குச் சொன்னது

பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முட்டி மாற்று அறுவை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உடனே மாற்றணும் என்கிறார்கள். அம்மாவுக்கு 66 வயது, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

ஆபரேஷன் படத்துக்கு இல்லை தம்பி, ஆளுக்கு. வலியில் ராத்திரித் தூக்கம் கெடுகிறதா? மாத்திரை, தொடைப் பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் பார்த்தும் தாங்கவில்லையா? அப்போது யோசிக்கலாம். நடமாடுகிறவருக்கு அவசரமில்லை. ஆனால் கால் வில்லாக வளைந்துகொண்டே போனால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. செய்யலாமா?

செய்யலாம், மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் வந்த பிறகு. பல்லில் சீழ், காலில் புண் இருந்தால் முதலில் அதை ஆற்றுங்கள். செயற்கை மூட்டில் கிருமி ஒட்டினால் விரட்டுவது பெரும்பாடு.

மூட்டுக்கு மட்டும் லட்சக்கணக்கில் ஆகுமா?

2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்குமுன் லட்சத்தைத் தாண்டி விற்றது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து 12 நாள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் மாமியார் தூங்குகிறார்.

இன்றைக்கே எடுத்துவிடுங்கள்மா. மடக்கி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அப்படியே பழகினால் முட்டி முழுசாக நீளாது, நடை நொண்டும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்கட்டும், தன் கனத்திலேயே மெல்ல இறங்கும். அப்புறம் துண்டை எடுத்துவிட்டு, முட்டியின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்தச் சொல்லி ஐந்து எண்ணுங்கள். ஒரு பாட்டி எண்ணுக்கு ஒரு திட்டு எனக்குக் கொடுத்தபடியே செய்தார். மூன்றாம் வாரம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, மருமகள் போட்ட கோலத்தில் குற்றம் கண்டுபிடித்தார். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி செய்யட்டும். மாத்திரையை மிச்சம் பிடித்து, வலிக்குப் பயந்து படுத்தே கிடப்பதில் லாபமில்லை.

படியில் எந்தக் கால் முதலில்?

ஏற நல்ல கால், இறங்க ஆபரேஷன் கால். கைப்பிடியை விடாதீர்கள்.

ஆறு வாரமாகியும் முட்டி சூடாக இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கிறது.

சூடும் லேசான வீக்கமும் சில மாதம் இருக்கும். மரத்துப்போனது கொஞ்சம் அப்படியே நின்றுவிடவும் கூடும், பயமில்லை. காய்ச்சல், தையலில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சம்மணம் போட முடியுமா?

சிலர் போடுகிறார்கள். நான் பழக்குவதில்லை, தரையிலிருந்து எழும்போதுதான் வம்பு. கல்யாண வீட்டில் மேசைப் பந்திக்குப் போங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.