தனுஷ்கோடியில் ஒரு கோடை நடை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: மே மாத இறுதியில் குடும்பத்துடன் இராமேசுவரம் செல்கிறோம். பறவை, பட்டாம்பூச்சி, காட்டுப்பூ மூன்றையும் தனுஷ்கோடிப் பக்கம் ஒரே காலையில் பார்க்க இயலுமா? கோடையில் பறவைகளே இராது என்கிறார்களே?

பதில்: தாராளமாக இயலும். பூநாரைகளும் வலசை வரும் உள்ளான்களில் பெரும்பாலானவையும் அப்போது இரா என்பது உண்மைதான். ஆனால் இங்கேயே தங்கி இனப்பெருக்கம் செய்யும் பறவைகளைப் பார்க்கக் கோடையே ஏற்ற காலம். வெயில் ஏறும் வரிசையிலேயே நடையை அமைத்துக்கொள்ளுங்கள்: விடிந்ததும் பறவைகள், பிறகு பூக்கள், வெயில் உறைக்கத் தொடங்கியதும் பட்டாம்பூச்சிகள்.

தென்மேற்குக் காற்று வீசும் அந்நாட்களில் மன்னார் வளைகுடாப் பக்கமான ஆண் கடல் சீறிக்கொண்டிருக்கும். பாக் நீரிணைப் பக்கமான பெண் கடல் அமைதியாக இருப்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது. நீரோரத்தில் கரைக் கொக்கும், தலைக்குமேல் ஆலாக்களும் செம்பருந்தும் தென்படும். ஈர மணலில் விறுவிறுவென ஓடி, சட்டென்று நின்று, மீண்டும் ஓடும் சிறு பறவையைக் கண்டால் அது அனுமான் உப்புக்கொத்தியாக இருக்கலாம். இலங்கையிலும் நம் தென்கிழக்குக் கரையிலும் வாழும் இதனை 2023-இல்தான் தனி இனமாக ஆய்வாளர்கள் பிரித்தறிந்தனர்.

இங்கே ஒரு வேண்டுகோள். உப்புக்கொத்தியும் ஆள்காட்டியும் வெறும் மணலில் சிறு குழி பறித்து, மணலோடு மணலாகத் தெரியும் புள்ளியிட்ட முட்டைகளை இடுகின்றன. கோடையில் முட்டைக்குப் பகை குளிரன்று, வெயில். ஆகவே தாய்ப்பறவை நிழல் தந்து நிற்பதுடன், வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கவும் செய்யும். நாம் அருகில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகும் நிமிடம். ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிக் கத்தினாலோ, உப்புக்கொத்தி சிறகொடிந்ததுபோல் நடித்து உங்களை இழுத்துச் சென்றாலோ, கூட்டைத் தேடாமல் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

மணல்மேடுகளில் இராவணன் மீசைப் புல்லுக்கு இடையே, இலை நுனி பிளவுபட்ட அடப்பங்கொடி படர்ந்திருக்கும். அதன் இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூக்கள் காலையில் மலர்ந்து, வெயில் முற்றியதும் வாடிவிடுவதால் அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. கொடியைப் பிடுங்க வேண்டாம். காற்றில் மணல் பறந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேர்களே.

பட்டாம்பூச்சிக்கு அலைய வேண்டியதில்லை, ஓர் எருக்கஞ்செடி போதும். ஆரஞ்சு இறக்கையின் நுனியில் கறுப்பும் வெள்ளையும் கொண்ட வெந்தய வரியன் அதன் இலைகளில் தனித்தனியாக முட்டையிடும். இலையை ஒடிக்காமல் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைக் கரிய கொம்புகளும் உடைய புழு அங்கேயே இருக்கக்கூடும். எருக்கம்பால் கண்ணுக்குக் கெடுதல் என்பதால் குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்றே மூன்றுக்கும் போதும். இரண்டு மீட்டர் அருகிலும் தெளிவாகக் காட்டுவதாக இருந்தால் பட்டாம்பூச்சிக்கும் உதவும். நிழல் அரிதான இடமாதலால் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்; பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். பார்த்த பறவைகளை இபேர்ட் (eBird) தளத்திலும், எல்லா உயிரினங்களையும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்திலும் பதியலாம். கூடு கண்ணில் பட்டிருந்தால் மட்டும் அதன் படத்தையும் இடத்தையும் பொதுவில் வெளியிட வேண்டாம்.