வட்ஸ்அப் குழுவில் அழிப்பது, ரிமூவ், பிளாக், ரிப்போட்: என்ன வித்தியாசம்?

மட்டக்களப்பு வாவிப் பறவைகளைப் படமெடுக்கும் வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட பறவைக்கூட்டின் படத்தை அட்மின் அழித்துவிட்டார், இனி குழுவிலிருந்து ரிமூவ் பண்ணுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அழிந்தது அந்தப் படம் மட்டும்தான். நீங்கள் இன்னும் உறுப்பினர்தான். ரிமூவ் செய்தாலும் பழைய செய்திகள் உங்கள் போனில் இருக்கும், திரும்பவும் சேர்க்கலாம். பிளாக் என்பது இருவருக்கிடையில் மட்டும். ரிப்போட் போவது வட்ஸ்அப் நிறுவனத்துக்கு.

சரி, பறவைக்கூட்டின் படம் போடக்கூடாது என்று ஏன் விதி? இடம் தெரிந்தால் மறுநாளே பலர் கமராவோடு கண்டல் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். தாய்ப்பறவை பயந்து எழும்பிப் போனால் முட்டை வெயிலில் கெட்டுவிடும், இல்லாவிட்டால் காகம் கொத்திவிடும். இந்த விதியில் நான் முழுக்க அட்மின் பக்கம். கல்லடிப் பாலத்தில் நின்று, பறக்கும் கொக்கை எடுத்துப் போடுங்கள். அதை யாரும் அழிக்கமாட்டார்கள்.