ஐராவதி டால்பினும் நர்கீஸ் புயலும்

கேள்வி: ஐயா, இயற்கையைப் பார்த்தாலே கடவுள் இருப்பது தெரியும் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். நர்கீஸ் புயலில் என் சித்தப்பா குடும்பமே போய்விட்டது. அதுவும் இயற்கைதானே?
– ஒரு வாசகர், இரங்கூன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். 2008 மே மாதம் அந்தப் புயல் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் லட்சம் பேருக்கு மேல் கொண்டுபோனது. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பூவையும் பறவையையும் மட்டும் காட்டிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். மண்டலேக்கு வடக்கே ஐராவதி ஆற்றில் ஒரு மீனவர் மரக்குச்சியால் படகின் ஓரத்தைத் தட்டினார். டால்பின்கள் வந்தன. மீன்கூட்டத்தை வளைத்துப் படகுப் பக்கம் விரட்டின, வாலால் சைகை காட்டின. அவர் வீச்சுவலையை எறிந்தார். சிதறிய மீன்கள் டால்பின்களுக்கு. அவற்றைக் கட்டிப்போட்டுப் பழக்கியவர் யாருமில்லை. இரண்டு பக்கமும் லாபம் இருப்பதால் வளர்ந்த பழக்கம் என்று அறிவியல் சொல்லும். சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் என் நெஞ்சு நன்றியால் நிறைந்தது. நன்றி சொல்ல ஒருவர் வேண்டுமே!

வேதாகமத்தில் ரோமர் 1:20-ஐ மெதுவாகப் படியுங்கள். படைப்பில் தெரிவது தேவனுடைய நித்திய வல்லமையும் தேவத்துவமும் என்கிறார் பவுல். அன்பை அந்த வசனத்தில் அவர் சேர்க்கவில்லை. அதை நான் சிலுவையில்தான் பார்க்கிறேன். எலியா தீர்க்கதரிசி கர்த்தருக்காகக் காத்து நின்றபோதும் பெருங்காற்றில் கர்த்தர் இல்லை. அப்புறம் வந்த மெல்லிய சத்தத்தில்தான் அவர் பேசினார்.

சித்தப்பா வீட்டார் பெயர்களை எழுதி அனுப்புங்கள். ஞாயிறு ஜெபத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.