வெளிநாட்டில் முதுநிலை: பணம் எங்கிருந்து? கேள்வி பதில்

கே: முழு ஸ்காலர்ஷிப் எந்த நாட்டில் சுலபம்?

ப: நாட்டை விடுங்கள், பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அரசு நிதி என்றால் அதன் நிபந்தனைதான் முதல் சல்லடை. பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்காலர்ஷிப் அமைப்பான டிஏஏடி-யின் இப்பாஸ் (EPOS) திட்டம் 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கும். கடைசிப் பட்டம் வாங்கி 6 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இதில் தேறாதவர் கட்டுரையை எவ்வளவு மெருகேற்றினாலும் வீண்.

கே: ஜெர்மனியில் படிப்பு இலவசம்தானே?

ப: அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இப்போது கட்டணம் உண்டு. தவிர, விசாவுக்கு ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது.

கே: அமெரிக்காவில் அசிஸ்டண்ட்ஷிப்போடு (பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் அல்லது ஆய்வுப் பணி, அதற்கு ஊதியம்) ஆஃபர் வந்திருக்கிறது. உடனே ஒப்புக்கொள்ளலாமா?

ப: கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். 'டியூஷன்' (கல்விக் கட்டணம்) தள்ளுபடி என்றால் 'ஃபீஸ்' (பல்கலைக்கழகத்தின் இதர கட்டணங்கள்) தள்ளுபடி என்று அர்த்தமில்லை; அது தனியாக வரும். ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? 9 என்றால் கோடை மூன்று மாதம் உங்கள் பாடு. மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது? அடுத்த ஆண்டு நீட்டிக்க என்ன கிரேடு வேண்டும்? வாரம் 20 மணி நேர அசிஸ்டண்ட்ஷிப் என்றால், எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்துக்கு அனுமதித்த அளவு அதோடு தீர்ந்தது. வளாகத்துக்குள் வேறு வேலைக்கு இடமில்லை. அவசரப்படவும் வேண்டாம்: 'ஏப்ரல் 15 உடன்பாடு' என்று பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒன்று உண்டு; அதில் கையெழுத்திட்டவை நிதி ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது.

கே: பிஎச்டியில் சேர்ந்து, இடையில் மாஸ்டர்ஸ் வாங்கிக்கொண்டு வெளியேறினால் செலவே இல்லையே?

ப: பல துறைகளில் வழி உண்டு. அதையே திட்டமாக வைத்துக்கொண்டு சேராதீர்கள்.

கே: ஏன்? எத்தனையோ பேர் செய்கிறார்களே!

ப: ஆய்வு ஒத்துவராமல் விலகுவது வேறு. திட்டம் போட்டு வந்தால், உங்களுக்காகத் தன் ஆய்வு நிதியைச் செலவழித்த கைடுதான் நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவர். எதை எழுதுவார்?

கே: கடிதமே வேண்டாம், நேராக வேலைக்குப் போகிறேன் என்றால்?

ப: விலகும் செமஸ்டரோடு ஸ்டைபெண்ட் நிற்கும், நாட்டை விட்டுக் கிளம்ப எஃப்-1 விசா தரும் கெடு ஓட ஆரம்பிக்கும். வேலை அனுமதிக்குக் காலத்தோடு விண்ணப்பிக்காவிட்டால் கையில் பட்டம் மட்டும்தான். விசா நேர்காணலில் பிஎச்டி என்று சொல்லிவிட்டு மனதில் வேறு வைத்திருப்பது இன்னொரு சிக்கல். இது போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: முழு ஸ்காலர்ஷிப் எங்கே கிடைக்கும்?

ப: முதல் பதில்.

கே: செவனிங் வாங்கித் தர ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

ப: அதற்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கொடுக்காதீர்கள்.

கே: ஐரோப்பாவில் முழுச் செலவும் தரும் மாஸ்டர்ஸ்?

ப: ஐரோப்பிய ஒன்றிய நிதியில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகள். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணமும் கிடையாது. அடுத்த இலையுதிர்காலச் சேர்க்கைக்குப் பல படிப்புகளின் டெட்லைன் முந்தைய அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வரும். கோடையில் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான்.