அந்தக் கணினியை இனி இயக்காதீர்கள்

கேள்வி: வவுனியா வைரவபுளியங்குளத்தில் என் தகப்பனார் தொடங்கிய அச்சகத்தை நடத்துகிறேன். 2003 இல் வாங்கிய கணினி ஒன்று மூலையில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்கள் வந்து அடித்துச் சென்ற நினைவு மலர்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. இப்போது நான்கு தடவை பொத்தானை அழுத்தினால் ஒரு தடவை இயங்குகிறது. உள்ளே டிக், டிக் என்று சத்தம். கடையில் நாளாந்தம் பாவிக்கும் கணினியும் பழையதுதான்: கோர் 2 டுவோ, 4 ஜிபி ரேம், 64 பிட் விண்டோஸ் 7. அதில் விர்ச்சுவல்பொக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு எக்ஸ்பியை ஓட்டலாம் என்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன், இந்த இதழ் கைக்கு வந்த நேரத்திலிருந்து அந்தப் பழைய கணினியை இயக்காதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட வேண்டாம். அந்தச் சத்தம் வன்தட்டின் வாசிப்பு முனை தன் இடத்தைத் தேடித் தடுமாறும் சத்தம். இன்னும் எத்தனை தடவை அது சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு தடவையையும் கோப்புகளைப் பிரதி எடுக்கவே செலவிட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் ஐயா 2004 இல் காலமானார். அப்போது ஏ9 பாதை திறந்திருந்தது. 31 ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலரைக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வந்துதான் அடித்தோம். வீட்டில் வைத்திருந்த பிரதிகள், அல்பங்கள், ஐயாவின் அடையாள அட்டை எல்லாம் 2009 இல் போயின. ஆறு வருடம் கழித்து அந்த அச்சகத்துக்குப் போய்க் கேட்டேன். கழற்றி வைத்திருந்த ஒரு வன்தட்டை எடுத்துத் தந்தார்கள். அதிலிருந்த கோப்பை மெய்நிகர் கணினியில் எக்ஸ்பி போட்டுத் திறந்தபோது முதல் பக்கத்தில் ஐயா இருந்தார். எங்கள் குடும்பத்திடம் இன்றைக்கு இருக்கும் அவருடைய ஒரே படம் அதுதான். உங்கள் மூலையில் இருப்பதும் இப்படிப் பல வீடுகளின் படப்பெட்டி.

ஆகவே முதல் வேலை, வன்தட்டைக் கழற்றுவது. 2003 ஆம் ஆண்டுக் கணினி என்றால் பெரும்பாலும் அகலமான நாடா வயர் பொருத்தும் ஐடிஈ வகையாக இருக்கும். ஐடிஈயை யூஎஸ்பிக்கு மாற்றும் இணைப்பியை, தனி மின்வழங்கியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரம் அந்தப் பெரிய தட்டுக்குப் போதாது. இணைத்ததும் ‘வட்டைச் சரிபார்க்கவா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எழுதிப் பார்க்கும். நோயுற்ற தட்டில் எழுதக் கூடாது. லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழுத் தட்டையும் ஒரே கோப்பாக எடுப்பது மேல். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். தட்டு அடையாளமே காட்டாமல் தொடர்ந்து டிக், டிக் என்றால் அதோடு நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுங்கள்.

பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. பெரிய படங்களைப் பேஜ்மேக்கர் பல வேளைகளில் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை; அவை இருக்கும் இடத்தைத்தான் குறித்து வைத்திருக்கும். படக் கோப்புறைகளையும் அதே பெயர்களோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மலர் திறக்கும், முகம் மங்கலாகத் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக்கள் அனைத்தையும் சேர்த்து எடுங்கள். பாமினி என்ற பெயரில் சற்றே வேறுபட்ட எழுத்துருக்கள் உலாவுகின்றன. வேறொன்றைப் போட்டால் வரிகள் நகர்ந்துவிடும்.

இனி விர்ச்சுவல்பொக்ஸ். புதிய பதிப்பை இறக்க வேண்டாம். 6.1 முதல், பிராசஸரிலேயே மெய்நிகராக்க வசதி இருந்தாக வேண்டும். கோர் 2 டுவோ என்பது ஒரு குடும்பப் பெயர்; அதில் ஈ8400 க்கு அந்த வசதி உண்டு, ஈ4500 க்கு இல்லை. இருந்தாலும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். உள்ளே போய் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியைத் தேடி இயக்கிவிடுங்கள். வசதியே இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 5.2 பதிப்பு அது இல்லாமலும் 32 பிட் எக்ஸ்பியை ஓட்டும், சற்று மெதுவாக. 32 பிட் விண்டோஸில் நிறுவக்கூடிய கடைசி வரிசையும் அந்த 5.2 தான்.

எக்ஸ்பிக்கு 512 எம்பி ரேம், ஒரு பிராசஸர், 10 ஜிபி வன்தட்டு கொடுங்கள். அள்ளிக் கொடுத்தால் வெளியே இருக்கும் விண்டோஸ் 7 மூச்சுத் திணறும். வன்தட்டு இணைப்பை ஐடிஈ என்றே விடுங்கள். சாட்டா என்று மாற்றினால் அதற்குரிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்) எக்ஸ்பியில் இல்லாததால் நீலத்திரையில் நின்றுவிடும். பழைய தட்டின் பிரதியை அப்படியே இயக்க முயல்வதைவிட, உங்களிடம் உள்ள எக்ஸ்பி சீடியால் புதிதாக நிறுவுவதே என் விருப்பம். பழைய கணினியின் டிரைவர்கள் புதிய சூழலில் முரண்டு பிடிக்கும்.

வலையமைப்பு அட்டையை அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 உடன் நின்றுவிட்டன. கோப்புகளைக் கொண்டுபோக, விர்ச்சுவல்பொக்ஸோடு வரும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரலை எக்ஸ்பிக்குள் நிறுவி, பகிர்ந்த கோப்புறை ஒன்றை வைத்தால் போதும். பிரிண்டரை எக்ஸ்பிக்குள் இணைக்கப் போராடாமல், அங்கேயே பிடிஎஃப் ஆக்கிப் பகிர்ந்த கோப்புறையில் போட்டு, வெளியிலிருந்து அச்சிடுங்கள்.

பிடிஎஃப் எடுத்தால் பக்கம் தப்பிவிடும். ஆனால் எழுத்து இன்னும் தமிழாக இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று நாம் பார்ப்பதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் வைத்திருக்கிறது. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை பூட்டனாரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. வம்சாவளிப் பக்கங்களையாவது எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு, கணினி தமிழாகவே அறியும் யூனிகோடு எழுத்தாக்கி வையுங்கள். இடையில் ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் தமிழாக மாறிக் குழம்பும். ஊர்ப்பெயர், திகதி, வெளிநாட்டு முகவரி ஆகியவற்றைக் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒரு மாரிகால வேலை இது. சலுகையாக நினைக்க வேண்டாம், அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு பிரதி கொடுங்கள்.

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் சங்கத்தின் நெல் கொள்வனவுக் கணக்கு, டொஸ் காலத்து ஃபொக்ஸ்புரோ நிரலில் இருக்கிறது. புதிய 64 பிட் கணினி அதைத் திறக்க மறுக்கிறது. இதற்கும் மெய்நிகர் கணினி தேவையா?

பதில்: தேவையில்லை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதி கிடையாது, அதனால்தான் மறுக்கிறது. பழைய காலபோகக் கணக்கை வாசிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், டிபிஎஃப் என்று முடியும் கோப்பைப் பிரதி எடுத்து லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து பாருங்கள்; விவசாயி பெயரும் புசல் கணக்கும் அட்டவணையாக வந்து நிற்கும். நிரலே ஓட வேண்டும் என்றால் விடொஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். அலுவலக நிரல்களுக்காகவே எழுதப்பட்டது, அச்சிடவும் விடும். டொஸ்பொக்ஸ் விளையாட்டுகளுக்காக ஆக்கப்பட்டது. மக்களின் காசுக் கணக்கை அதில் புதிதாக எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: புதுக்குடியிருப்பில் உயர்தரம் படிக்கிறேன். அக்கா தந்த நெட்புக்கில் அட்டம் என்450 பிராசஸர், 2 ஜிபி ரேம். பைத்தன் பழக விர்ச்சுவல்பொக்ஸில் லினக்ஸ் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் பிராசஸருக்கு மெய்நிகராக்க வசதி இல்லை. 2 ஜிபியை இரண்டு இயங்குதளங்களுக்குப் பங்கிட்டால் இரண்டும் பட்டினி கிடக்கும். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள். பிடித்திருந்தால், அக்காவின் கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு நேரடியாக நிறுவுங்கள். பைத்தன் அநேகமாக அதிலேயே இருக்கும். காசு கிடைத்தால் முதலில் வன்தட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள்.

கேள்வி: மெய்நிகர் கணினியில் வேலை செய்யும்போது மின்சாரம் போய், அது மறுபடி திறக்கவே இல்லை. ஸ்னாப்ஷொட் (மெய்நிகர் கணினியின் அந்த நேர நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்து வைத்தால் போதாதா? (பரந்தன் வாசகர்)

பதில்: போதாது. ஸ்னாப்ஷொட் அதே வன்தட்டில், அதே மூலக் கோப்பை நம்பி இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை மெய்நிகர் கணினியை முறையாக மூடிவிட்டு, அதன் முழுக் கோப்புறையையும் வெளித்தட்டில் பிரதி எடுங்கள். ‘இடம் இருக்கிறது, ஆனாலும் பிரதியாகவில்லை’ என்று பலர் எழுதுகிறார்கள். பென்டிரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. அதில் இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபாட் வடிவுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி முயலுங்கள்.